கொக்கு மார்க்கு எஞ்சின்

குழந்தைவேல் வீட்டுச் சோற்றை ஆறு வருஷம் சாப்பிட்டவன் நான். ஆகவே இந்தக் கதையை நடுநிலையாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த வீட்டில் உப்போடு கொள்ளுப் பருப்பும் நெய்யும் சேர்த்துப் போட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கெங்கவல்லி. ஜில்லா போர்டார் என்னை ராசிபுரத்துக்குத் தெற்கே முனியங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை, உலை வைக்கவும் தெரியாது. முதல் வாரம் பொரிகடலையில் ஓடியது. எட்டாம் நாள் குழந்தைவேலின் மனைவி சென்னம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"வாத்தியாருங்க மத்தியானத்துக்கு நம்மூட்டுக்கு வந்துருங்க. ஒராளு சோறு எங்களுக்குப் பாரமில்லீங்க" என்றாள்.

"சரி, வரேன்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். 'ங்க' போடாமல் பேசும் ஆளை அந்த ஊர் அதற்குமுன் அதிகம் கண்டதில்லை. நான் பெரிய கோபக்காரன் என்று ஊருக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அது முழுப் பொய்யும் இல்லை.

அவர்கள் குடியிருந்தது தோட்டத்துக்குள்ளேயே. வீட்டுக்குப் பத்தடி தள்ளிக் கிணறு. கிணற்றுமேட்டில் ஓடு வேய்ந்த கொட்டகை. அதற்குள்தான் எஞ்சின் இருந்தது. நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கியது. எந்தக் காலத்து எஞ்சினோ, அந்த வியாபாரிக்கே தெரியாது. அதன் தலையில் சுரைக்காய் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு. காலையில் ஊதுவிளக்கை வைத்து அந்தக் குண்டு சிவக்கும்வரை சூடேற்ற வேண்டும். பிறகு சக்கரத்தைப் பிடித்து ஓங்கிச் சுற்றினால் ஒரு தும்மல் தும்மிவிட்டு டுப் டுப் என்று ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் நான் மணி அடிப்பேன், நின்றால் பிள்ளைகளை வீட்டுக்கு விடுவேன். பள்ளிக்கூடத்துக் கடிகாரம் ஓடாதது யாருக்கும் குறையாகப் படவில்லை.

எஞ்சினின் நெற்றியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு. வெள்ளிக்கிழமை தவறாமல் சென்னம்மாள் வீட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு வந்து தகட்டையும் துலக்கி, சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இரும்புக் கம்பியில் குழந்தைவேல் தன் மோர்த் தூக்குப்போசியை மாட்டுவார். சாப்பிடப் போகும்போது நான் என் குடையை மாட்டுவேன். சந்தனம் வைத்த தகடு பளபளக்கும். பளபளப்பு நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

எஞ்சின் வந்த நாளில் குழந்தைவேல் தன் எருது இரண்டையும் விற்றார். எருது பூட்டிக் கவலை இறைத்துக் கை காய்த்தவர், இனி அது வேண்டாம் என்று நினைத்ததில் தப்பில்லை. சந்தைக்கு ஓட்டிப் போகும்போது பக்கத்துத் தோட்டத்து மாரக்காள் இட்டேரிப் பாதையில் மறித்து, "சந்தைக்குப் போனா எவன் கையில சிக்குமோ, எனக்கே குடு" என்று வாங்கிக்கொண்டாள். புருஷன் காலமானபின் தனியாளாகப் பண்ணையம் பார்ப்பவள் அவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் குழந்தைவேல், "இனிமே எருது வாலைப் புடிச்சுட்டுத் திரியறது உங்களோட போவட்டுங்க்கா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஏழு வருஷம் மாரக்காள் அவரோடு பேசவில்லை. வரப்பில் எதிர்ப்பட்டால் இருவரில் ஒருவர் வாய்க்காலுக்குள் இறங்கிப் போவார்கள்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மழை ஏமாற்றியது. கொல்லிமலைமேல் தினமும் மூட்டம் போடும். கீழே ஒரு சொட்டு இறங்காது. குழந்தைவேல் அந்த வருஷம் இருந்த நாலு ஏக்கராவிலும் மஞ்சள் வைத்திருந்தார். இடுப்பு உயரம் வளர்ந்து, மண்ணுக்குள் கிழங்கு பருக்கிற நேரம். அப்போதுதான் எஞ்சினின் தலைக்குண்டு வெடித்தது. பொறுக்கினால் மூன்று சில்லு. யாருக்கும் அடியில்லை என்று மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்தினார்கள்.

குழந்தைவேல் மூன்று சில்லையும் சாக்கில் கட்டி ராசிபுரத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனார். சீமை இரும்பாயிற்றே, வீணாக்கலாமா என்று அதையே உருக்கிப் புதுக்குண்டு ஊற்றி வாங்கிவந்தார். மாட்டிச் சூடேற்றினார். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் தாங்கவில்லை, குறுக்கே விரிசல் விட்டது.

அன்று மத்தியானம் அவர் கையைச் சோற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாளு தண்ணி இல்லாட்டி மஞ்சள் போச்சுங்க வாத்தியாரே. மஞ்சள் போனா தோட்டத்தை ஆருக்காச்சும் உட்டுப்போட்டு நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூரு மில்லுக்குப் போவ வேண்டியதுதானுங்க."

"மில்லுல எனக்கென்ன வேலைங்க" என்றாள் சென்னம்மாள்.

"பஞ்சு பொறுக்கறது."

அவள் எனக்கு மோர் ஊற்றினாள். மோர் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

மறுநாள் விடிகாலையில் முகம் கழுவ அவர்கள் கிணற்றுக்குப் போயிருந்தேன். மாரக்காள் எருது இரண்டையும் ஓட்டிக்கொண்டு, தண்ணீர் மொள்ளும் தோல் சாலையும் வடக்கயிற்றையும் தோளில் போட்டு, குழந்தைவேல் தோட்டத்துக்குள் நுழைந்தாள். மயிலை ஒன்று, செவலை ஒன்று. ஏழு வருஷம் முன்னால் அந்தக் கிணற்றில் இறைத்த அதே எருதுகள். கிணற்றுமேட்டில் எருது ஏறி இறங்கும் வாரி தூர்ந்து புல் மண்டிக் கிடந்தது. எருதுகள் அதைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே திரும்பி, பின்கால் வைத்து மேலேறி, கிணற்று விளிம்புக்கு இரண்டடி முன்னால் சரியாக நின்றன. குழந்தைவேல் வீட்டுக்குள்ளிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நானு உனக்காக ஒன்னும் வரல" என்றாள் மாரக்காள், வடத்தைப் பார்த்துக்கொண்டே. "இதுக நடந்து பழகுன எடம். கூட்டியாந்தேன். வந்து சாலைப் புடி."

குழந்தைவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து சாலைப் பிடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. எருது கீழிறங்க, சால் மேலேறித் தொட்டியில் கொட்டியது. முதல் தண்ணீர் வாய்க்காலில் போகிறவரை இருவரும் பேசவில்லை. பிறகு மாரக்காள்தான், "மயிலைக்கு எடப்பக்கம் புண்ணு. பாத்து ஓட்டோணும்" என்றாள். "செரீங்க்கா" என்றார் அவர். அந்த ஒரு 'சரி'யில் ஏழு வருஷம் தீர்ந்தது.

ஆனாலும் ஒரு சோடி எருது இறைப்பது ஒன்றரை ஏக்கராவுக்குத்தான் காணும். மாரக்காளின் பருத்தியும் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. எஞ்சின் ஓடியாக வேண்டும்.

சனிக்கிழமை நான் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். அந்த வீட்டுக்கு என்னால் ஆனது அலைச்சல்தான். எஞ்சின் தெரிந்த ஆள் தேடி நாலு மில் ஏறி இறங்கி, ஐந்தாவதில் மணியனைப் பிடித்தேன். நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குழியில் கால் தங்காமல் தூத்துக்குடிக்கு ஓடிப்போய், துறைமுகத்தில் பன்னிரண்டு வருஷம் எஞ்சின் பார்த்த மனிதர். விஷயத்தைக் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்து எதையும் தொடாமல் எஞ்சினை மூன்று சுற்றுச் சுற்றினார். பிறகு சிரித்தார்.

"இதை எங்கீங்க புடிச்சீங்க?"

"செவ்வாப்பேட்டைலீங்க. ரைஸ்மில்லுல ஓடுனதுன்னு சொன்னாங்க" என்றார் குழந்தைவேல்.

"ஓடியிருக்கும். ஆனா அதுக்காகப் பொறந்தது இல்லீங்க இது. இது படகு எஞ்சின். கடல்ல ஓடுனது."

குழந்தைவேல் என்னைப் பார்த்தார். நான் கொல்லிமலையைப் பார்த்தேன். எங்கள் இருவரில் யாரும் கடலைக் கண்ணால் கண்டதில்லை.

"காலைப் பாருங்க. மத்த எஞ்சினுக்குக் கால் அடியில இருக்கும். இதுக்கு இடுப்புல இருக்குது. படகுக் கட்டை மேல ஒக்கார வெக்கறதுக்கு. அதனாலதான் சக்கரத்துக்கு நீங்க குழி வெட்டியிருக்கீங்க."

"ஆமாங்க. எவன்டா இப்பிடி முடமாப் பண்ணுனவன்னு அன்னைக்கு வஞ்சேன்."

"தண்ணி பம்பு பூராப் பித்தாள. உப்புத்தண்ணி இரும்பைத் தின்னுபோடும்ல. அப்பறம் இந்தக் கம்பி..." மணியன் அதில் தொங்கிய என் குடையை எடுத்து மரியாதையாக என்னிடம் கொடுத்தார். "இது படகைப் பின்னால ஓட்டறதுக்குங்க."

"நானு தூக்குப்போசி மாட்டறதுக்குன்னு இருந்தேன்" என்றார் குழந்தைவேல். "கெணத்துமேட்டுல எங்கீங்க பின்னால ஓட்டறது. ஓட்டுனா கெணத்துக்குள்ளதான் போவோணும்."

வாரியில் எருதை நிறுத்திவிட்டு வந்து நின்ற மாரக்காள்கூடச் சிரித்துவிட்டாள். மணியன் மட்டும் சிரிப்பதை நிறுத்தினார்.

"இந்தச் சாடையில நாலு கம்பெனி பண்ணுனாங்க. முப்பது, நாப்பது வருசத்துக்கு முந்தி. நாலு பேரோட குண்டும் வெளிய ஒரே அளவு. உள்ளுக்குள்ள வேற வேற. மாத்திப் போட்டா உங்களுது வெடிச்சாப்பல வெடிக்கும். மெட்ராசுல துறைமுகத்துக்கிட்ட ஒரு கெடங்குல பழைய குண்டெல்லாம் வெச்சிருக்காங்க. கம்பெனி பேரும் நம்பரும் எழுதிப்போட்டா ரயில்ல வந்துரும். பழைய குண்டு எங்கீங்க? உள்பக்கம் பாத்தாச் சொல்லிப்போடுவேன்."

குழந்தைவேல் பின்னந்தலையைச் சொறிந்தார். "அதை உருக்கிப்போட்டமுங்க."

"உருக்கீட்டீங்களா. செரி, தகட்டைப் பாப்போம்." மணியன் குனிந்தார். தகட்டில் அவர் மீசை தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. நகத்தால் தடவினார், வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தார். "இதென்னங்க, பேரே போடாத எஞ்சினா இருக்குது. இப்பிடி ஒன்னை நான் பாத்ததே இல்லை."

குழந்தைவேல் நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார். "நம்ம வாத்தியாரு இங்கிலீசு படிச்சவருங்க. அஞ்சு வருசமா நித்தம் வந்துட்டுப் போறாரு. ஏனுங்க வாத்தியாரே, இதுல எழுத்து ஏதாச்சும் இருந்துதுங்களா?"

ஐந்து வருஷம் தினமும் அதற்கு ஒரு முழம் தள்ளிக் குடை மாட்டியிருக்கிறேன். அந்த ஊரில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்காகவே மரியாதையும் சோறும் வாங்கிக்கொண்டவன். ஒரு நாள்கூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. "கவனிக்கலை" என்றேன். அன்று என் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

மோர்ச் சட்டியோடு வந்த சென்னம்மாள் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள்.

"எழுத்து இருந்துச்சுங்க" என்றாள். "நாந்தேன் அழிச்சுப்போட்டேன்."

அவள் புருஷனைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள்.

"வெள்ளிக்கெழமை தவறாம புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேப்பனுங்க. எழுத்துச் சந்துல பச்சை புடிச்சுக் கெடக்கும். அழுக்கோட சாமிக்குப் பொட்டு வெக்கலாமான்னு அழுத்தி அழுத்தித் தேச்சேன். தேயத் தேய நல்லாப் பளபளப்பு வருதுன்னு சந்தோசமா இருந்தேன். போன வருசம் பாத்தா ஒன்னுமே இல்லீங்க. அன்னைக்கே சொல்லியிருக்கோணும். வைவீங்கன்னு கம்முனு இருந்துட்டேன். என்னாலதானுங்க பண்ணையம் போவுது."

குழந்தைவேல் தொட்டிமேட்டில் போய் உட்கார்ந்தார். நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைதால் குறுக்கே விழலாம் என்று காலை முன்னால் வைத்து நின்றேன்.

"நானு குண்டை உருக்குனேன். நீ எழுத்தைக் கரைச்சே" என்றார் அவர் கடைசியில். "நல்ல பொருத்தம் பாத்துத்தான் கட்டி வெச்சிருக்கறாங்க. அழுவாத புள்ள. சித்தெ கம்முனு இரு."

மணியன் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, எழுத்துப் போவட்டும். படம் ஏதாச்சும் இருந்துதுங்களா? நங்கூரம், நட்சத்திரம், அந்த மாதிரி?"

"கொக்குங்க" என்றாள் உடனே. "ஒத்தக்கால்ல நிக்கும். வாயில மீனு. மீனுக்கு வால் மேல பாத்தாப்பல இருக்கும். காலுக்குக் கீழ மூணு கோடு, அலை அலையா. அதுக்கும் கீழ மூணு சுழி."

"என்ன சுழிங்க?"

"சொல்லத் தெரியாதுங்க. என்ற வெரலுக்குத் தெரியும்."

வீட்டுக்கு ஓடிக் கோலப்பொடி எடுத்துவந்தாள். கொட்டகைத் தரையில் தண்ணீர் தெளித்தாள். உட்கார்ந்து, கண்ணை மூடி, கட்டைவிரலைத் தகடு தேய்ப்பதுபோலக் காற்றில் மேலும் கீழும் இழுத்துப் பார்த்தாள். பிறகு போட்டாள். புள்ளி வைக்காத கோலம். முதலில் வளைந்த கழுத்து, அப்புறம் மூக்கு, மீன், மடக்கிய கால். மூன்று அலை. அலைக்குக் கீழே, தலையெடுத்த பாம்பு மாதிரி ஒன்று, அரை வட்டம் இரண்டை ஒட்டிய மாதிரி ஒன்று, கடைசியில் இரட்டை முறுக்கு. கொட்டகைக்குள் எல்லாரும் பொடி விழுகிற விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இருநூத்தி முப்பத்தெட்டு" என்று படித்தேன்.

மணியன் தொடையில் தட்டினார். "கொக்கு மார்க்கு. தூத்துக்குடியில இப்பிடித்தான் சொல்லுவோம். ஸ்காட்லாந்துல டல்ஹார்ன் கம்பெனி. நாலுல இது ஒருத்தனுக்குத்தான் கொக்கு. அம்மா, உங்களைக் கும்புடறனுங்க." சொன்னது மட்டுமில்லை, கையெடுத்துக் கும்பிட்டார். சென்னம்மாள் பதறி எழுந்து நின்றுகொண்டாள். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு மணியன், குண்டு வந்தபின் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கொள்ளுப் பருப்பு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கடிதம் எழுதுவது என் வேலையாயிற்று. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். கொக்குக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்பதில் எனக்கே சந்தேகம் இருந்ததால், கீழே படமே போட்டுவிடலாம் என்று போட்டேன்.

சென்னம்மாள் எட்டிப் பார்த்து, "இது கோழிங்க" என்றாள்.

பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். அதற்குமுன் அவள் பென்சில் பிடித்ததில்லை. கோலப்பொடி எடுப்பதுபோலவே அதை இரண்டு விரலில் கிள்ளிப் பிடித்து, காகிதத்தின் அடியில் கொக்கை நிறுத்தினாள். பெயர், நம்பர் எல்லாம் நான் எழுதினேன். கையெழுத்து யாருடையது என்று கேட்டால் அந்தக் கொக்கைத்தான் காட்டுவேன்.

அடுத்த பன்னிரண்டு நாளும் மாரக்காளின் எருதுகள்தான் இறைத்தன. காலையில் குழந்தைவேலின் மஞ்சள், வெயில் சாய்ந்தபின் அவளுடைய பருத்தி. மஞ்சளில் ஓரத்து வரிசை காய்ந்து சுருண்டது, நடுக்காடு தாக்குப்பிடித்தது. பருத்தி வாடியது. அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சென்னம்மாள் தினமும் எருதுகளுக்குத் தனியாகப் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள். மயிலையின் புண்ணுக்கு வேப்பெண்ணெய் போடுவது குழந்தைவேலின் வேலை.

பதின்மூன்றாம் நாள் சேலம் ஸ்டேஷனிலிருந்து மரப்பெட்டியும் மணியனும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெட்டிக்குள் வைக்கோலில் புதைந்து கிடந்தது குண்டு. அதன் கழுத்தில் நெல்மணி அளவுக்கு ஒரு கொக்கு அச்சிட்டிருந்தது. சென்னம்மாள் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "மீனு வால் செரியா இருக்குதுங்க" என்றாள்.

மாட்டினார்கள். ஊதுவிளக்கு சீறியது. குண்டு கறுத்து, பழுத்து, சிவந்தது. குழந்தைவேல் சக்கரத்தைப் பிடித்து ஓங்கிச் சுற்றினார். ஒரு தும்மல். பிறகு டுப் டுப் என்று ஆரம்பித்து நிற்காமல் ஓடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தாமாகவே மணியை அடித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

தண்ணீர் தொட்டியில் நிறைந்து வாய்க்காலுக்கு வந்தது. குழந்தைவேல் மண்வெட்டியோடு முன்னால் ஓடி, மஞ்சளுக்குப் போகிற மடையை அடைத்தார். பொது வரப்பை வெட்டி மாரக்காளின் பருத்திக்குத் திருப்பினார்.

"அட, கிறுக்கா உனக்கு" என்றாள் மாரக்காள். "மஞ்சளுக்குப் பாச்சு."

"மஞ்சள் இத்தனை நாளு உங்க எருது எறைச்சதைக் குடிச்சுதுங்க்கா. இன்னைக்குப் பருத்தி குடிக்கட்டும்." மண்வெட்டியை ஊன்றி நின்றார். "அன்னைக்கு இட்டேரியில நானு சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அதை இன்னுமா வெச்சிருப்பேன்" என்றாள் அவள். ஏழு வருஷம் வைத்திருந்தவள்தான். எருதுகளின் கழுத்தைத் தட்டிவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அந்தத் தை மாதம் மஞ்சளை வெட்டி வேகவைத்தார்கள். ஓரத்து வரிசை போனது போனதுதான். மற்றது வீட்டைக் காப்பாற்றியது. கோயமுத்தூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்த வருஷத்தில் மனசில் நிற்பது மார்கழிதான்.

மார்கழி முதல் நாள் சென்னம்மாள் தன் வாசலில் கொக்குக் கோலம் போட்டாள். மூன்றாம் நாள் ஊருக்குள் ஒரு வாசலில் கொக்கு நின்றது. பத்து நாளில் முனியங்காடு முழுக்க வாசலுக்கு ஒரு கொக்கு. எல்லாவற்றின் காலடியிலும் மூன்று அலை, அதற்குக் கீழே 238. அது என்ன என்று போடுகிறவர்களுக்குத் தெரியாது. இருந்தால்தான் கோலம் முழுசாகும் என்று நினைத்தார்கள்.

ஒரு நாள் விடிகாலையில் மாரக்காள் வீட்டு வழியாகப் போனேன். கோலம் போட்டு நான் பார்த்திராத வாசல் அது. அன்று சாணம் தெளித்து, நடுங்கிய கோடுகளில் ஒரு கொக்கு நின்றது. கழுத்து கோணல், மீன் பெரிது, எட்டு படுத்துக் கிடந்தது. பக்கத்தில் கட்டுத்தரையில் மயிலையும் செவலையும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. தூரத்தில் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. மணியடிக்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நன்றாகக் குனிந்து, ஒரு கோடு விடாமல் அதைப் படித்துவிட்டுத்தான் போனேன்.